ஊவாத் தோட்டப் பள்ளிகளும் வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை ஊவா மாகாணத்துட் புகுந்து மலையேறத் தொடங்குமிடத்தில் ஹல்துமுல்லை அமைந்துள்ளது. வடக்கே அப்புத்தளை மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்க, தெற்கே தாழ்நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். போர்த்துக்கேயர் காலத்துச் சிறு கோட்டையொன்றின் சிதைவு இவ்வூரில் இன்றும் காணப்படுவதாலும், 1630ஆம் ஆண்டிலே தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவிற் படையோடு மடிந்தமையாலும், இப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் போர்களையும் கோட்டைகளையுமே பெரிதும் பேசுவர். ஆயின் இம்மலைச் சரிவுகளிலே சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக நிகழ்ந்து வந்த வேறொரு போராட்டமும் உண்டு. அது ஒரு சிறுபிள்ளை தன் கையிலிருக்கும் ஏட்டின் முதல் வரியைப் பிறர் துணையின்றி வாசிக்க முயன்ற போராட்டம். அப்பிள்ளைக்கு அருகில் அமர்ந்து துணைசெய்தவர் யாவர் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

கோப்பிக் காலத்திலே தோட்டங்களிற் பள்ளிக்கூடம் என்னும் வினா பெரும்பாலும் எழவில்லை. கோப்பி பருவப்பயிர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் அறுவடைக்காலம் முடிந்ததும் பலராகத் திரும்பிச் சென்றனர்; வந்தவருட் பெரும்பாலார் ஆடவர். 1869ஆம் ஆண்டிலே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளிற் கோப்பித் தொழிலையே வீழ்த்திற்று. அதன் இடத்தைப் பிடித்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைக் கொய்வதற்குப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலைத்துத் தங்கலாயின. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் இருப்புப்பாதை அப்புத்தளையை அடைந்தது. தோட்டக் கல்வியின் வரலாற்றுக்கு இவையனைத்தினும் முதன்மையானது, லயத்திற் பிறந்து லயத்திலேயே வளரும் பிள்ளை என்னும் ஓரினம் தோன்றியமையே.

தொழிலாளர் எழுத்தறிவை முற்றும் அறியாத நாட்டிலிருந்து வந்தவரல்லர். அவர்தம் ஊர்களிலே திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆயினும் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களிற் பெரும்பாலானவை திண்ணையில் ஏற இடம் பெறாத குலத்தவை என்பதை மறைத்தல் பொருந்தாது. தோட்டத்தில் அரிச்சுவடியைக் கண்டவர் சிலரே. அத்தகையோர் மாலையிலோ பெரட்டுக்கு முன்னரோ லயத்து வாசலிற் சில பிள்ளைகளை அமர்த்தி, மணலில் விரல்பிடித்து எழுதுவித்தனர். ‘லயப் பள்ளி’ என வழங்கப்பட்டது இதுவே. திண்ணைப் பள்ளியின் வழக்கப்படி ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் நாவிலேறும். எழுத்து பின்னர் வரும். பிள்ளைகளுள் மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்க்குச் சொல்லிக்கொடுப்பான்.

இச்சட்டாம்பிள்ளை முறைக்கு உலகக் கல்வி வரலாற்றிலே ஓரிடம் உண்டு. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரிலே படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான விடுதிப் பள்ளியை நடத்திய அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர் இணங்காமையால், யோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றிபெற்றான். பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளெங்கும் பரவிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் மேனாடு சென்று புகழ்பெற்றன. அவற்றைப் பெற்றெடுத்த மக்களின் பிள்ளைகளோ ஊவா மலையிலே அதே மணலோடு எவரும் கவனியாது இருந்தனர்.

தோட்டங்களில் ஒழுங்கான பள்ளிகளை முதலில் நாடியவர் பாதிரிமார் ஆவர். 1854இல் தோட்டத்துரைமாரின் பண உதவியோடு தொடங்கிய தமிழ்க்கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தது. அவர்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று சமயத்தையும் எழுத்தையும் ஒருங்கே போதித்தனர். யாழ்ப்பாணத்திலே 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் பாலபாடங்களை அச்சிட்டுச் சைவப் பிள்ளைகளுக்கு ஏடு தந்த காலமும் அதுவே. எனினும் நாவலரைப் பின்பற்றிச் சைவப் பாடசாலைகளை எழுப்பிய ஊக்கம் வடக்கிலே தழைத்த அளவிற் பதினாறு பங்கில் ஒரு பங்குகூட மலையகத்தை நாடி வரவில்லை என்பது சைவ உலகம் நினைந்து நாணுதற்குரியது.

அரசாங்கம் 1869இற் பொதுப்போதனைத் திணைக்களத்தை அமைத்தது. அடுத்த ஆண்டு முதலாகப் பரீட்சைப் பேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. இம்முறை இங்கிலாந்திலே 1862இற் புகுத்தப்பட்டதன் வழிவந்தது. பரிசோதகர் வரும் நாளிற் பிள்ளை தன் புத்தகத்தை வாசிக்க வேண்டும், வாசித்தாற் பணம். இங்கிலாந்திற் பரிசோதகராயிருந்த புலவர் மத்தியு ஆர்னல்ட், பிள்ளைகள் புத்தகம் முழுவதையும் மனனஞ்செய்து ஒப்புவித்துவிடுவர் என்றும் அது வாசிப்பாகாது என்றும் அந்நாளிலேயே எடுத்துரைத்தார். செவிவழி மனனத்தில் வல்லவரான தமிழ்ப்பிள்ளைகளுக்கு இக்குறை எத்துணை எளிதில் நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூதுரையின் முப்பது வெண்பாவையும் தடையின்றிச் சொல்லும் பிள்ளை, ஏட்டில் ஒரு சொல்லை மட்டும் விரலாற் சுட்டி ‘இது யாது?’ எனக் கேட்டால் திகைத்து நிற்பதுண்டு. பின்தங்கிய வாசகன் ஊமையாக இருப்பான் என்று எண்ணுவது தவறு. தமிழ்ப் பள்ளிகளில் அவன் பெரும்பாலும் உரத்த குரலிற் பாடுபவன். அதனாலேயே ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பிவிடுபவன்.

தமிழ் எழுத்தின் அமைப்பும் ஈண்டு நோக்கற்பாலது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துக்கள் இருப்பினும், அவற்றை வரிவடிவின் ஒழுங்கறிந்து கற்றல் கடினமன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கப்படுவன. ஒகர, ஓகாரக் குறிகளோ மெய்யை இருபுறமும் அணைத்து நிற்பன. இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக ஒலி வருமென்று பழகும் சிறுபிள்ளை ‘கொழுந்து’ என்னும் தனக்கு நன்கு பழக்கமான சொல்லிலே முதலடியிலேயே இடறுகிறது. இவற்றோடு ணா, றா, னா முதலியனவும் ணை, லை, ளை, னை என்பனவுமாகிய பதின்மூன்று எழுத்துக்கள் பொது ஒழுங்கினின்றும் மாறுபட்ட பழைய வடிவங்களைக் கொண்டிருந்தன. பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் இதழ்களிற் கையாண்டு வந்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றபின், அவை ஒழுங்குபட்டன. இலங்கைப் பாடநூல்களிலும் அவ்வடிவங்களே காலப்போக்கில் நிலைபெற்றன. அதற்கு முந்திய தலைமுறைப் பிள்ளைகள் ‘மலை’ என்று எழுதக் கற்பதற்கு ஒரு தனி வடிவத்தை நினைவில் வைத்திருந்தனர். மலையிலேயே பிறந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் இரு மடங்கு கடினமாயிருந்தது விந்தையே.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முதன்முறையாகத் தோட்டத்துரையின்மீது ஒரு கடமையைச் சுமத்திற்று: ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலும், அதற்கெனத் தகுந்த அறையொன்றை ஒதுக்கிப் பேணுதலும். 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இதனை மேலும் வற்புறுத்திற்று. இச்சட்டங்களைப் பெரிதும் போற்றுவாருளர். அறை வந்தது, ஆசிரியர் ஒருவர் வந்தார், பெயரேடு வந்தது என்பது உண்மையே. ஆனால் வரவு எண்ணப்பட்டதேயன்றி வாசிப்பு எண்ணப்படவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புக்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமும் பிள்ளைகள் அறுபதின்மரும் எனக் கொண்டால் ஒரு பிள்ளையின் பங்குக்கு வருவது ஐந்து நிமிடம். அவ்வைந்து நிமிடத்தையும் ஆசிரியர் கெட்டிக்காரப் பிள்ளைக்கே செலவிட்டார் என்றால் அவரைக் குறைகூற இயலாது. பரிசோதகருக்குக் காட்டத்தக்கவன் அவனே. மேலும் ஆசிரியர் பலர் தோட்டக் கணக்கு வேலைகளையும் பார்த்தனர். அவருடைய சம்பளமும் குடியிருப்பும் துரையின் கையில் இருந்தன.

வயதெல்லையே இச்சட்டங்களின் கொடிய பகுதி எனலாம். ஆறு வயதில் ஏட்டைத் தொட்ட பிள்ளை பத்து வயதுக்குள் வாசிக்கக் கற்றுக்கொண்டாற் கற்றதே. இல்லையேற் கூடையோ மண்வெட்டியோ கையில் ஏறும். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு மறுவாய்ப்பு என்பது சட்டத்தின் நினைவிலேயே இல்லை. பெண்பிள்ளையின் நிலை இதனினும் கீழானது: தாய் மலைக்குச் சென்றபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கே வந்தது.

வாசிப்பின்மையால் இழந்தது யாது என வினவலாம். துண்டு என்னும் ஒரு கடதாசியை நினைத்தால் விடை கிடைக்கும். ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறுவர். கடன் புதிய இடத்திலும் அவர்கள் தலைமேலேயே இருக்கும். ஒரு மனிதனின் விலை எழுதப்பட்ட தாளை அம்மனிதன் வாசிக்க முடியாதிருந்தான். 1921இற் சட்டத்தால் துண்டு ஒழிக்கப்பட்டது. ஆயினும் வேலைநீக்கத்துக்கான பற்றுச்சீட்டும் செக்ரோல் கணக்கும் தொடர்ந்தன. பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியவர் அதனை வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி லயம் லயமாகச் செல்வது வழக்கமாயிருந்தது.

இத்தகைய சூழலில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பலருக்குக் கண்ணானார். இரவிலே குப்பிவிளக்கின் முன்னே ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதையும் அல்லியரசாணி மாலையும் ஒருவர் இராகமிட்டு வாசிக்க, லயமே சூழ்ந்திருந்து கேட்கும். அப்புத்தகங்களின் பருத்த எழுத்துக்கள் மங்கிய ஒளியில் வாசிக்கவும், தட்டுத்தடுமாறி வாசிப்பவர் வரியைத் தவறவிடாதிருக்கவும் உதவின. கேட்டு மனத்திற் பதிந்த கதையை மறுநாள் புத்தகத்தில் விரலோட்டிக் கண்டுபிடிக்கும் சிறுவன் ஒருவகையில் தனக்குத்தானே ஆசிரியனானான். கோ. நடேசையர் 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில் இவ்வழக்கத்தையே பயன்படுத்தினார். அவர் எழுதிய துண்டுப்பிரசுரங்களும் பாடல்களும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் மேடைகளிற் பாடியவையும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதற்கென அமைந்தவை. மலையகத்திலே எழுத்தறிவுக்கு ஆவலை மூட்டியதில் அரசாங்கத்தின் பெயரேடுகளை விட இப்பிரசுரங்களுக்கே பங்கு அதிகம் என்று கருத இடமுண்டு.

1945 ஒக்தோபர் முதலாம் திகதி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் அது பெருமையுடன் பேசப்படுகிறது, பேசத்தக்கதே. தோட்டப் பள்ளிகளோ அதன் புறத்தே நின்றன. 1947ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் அவற்றை அரசாங்கப் பள்ளிகளாக்க வழிவகுத்தும், நடந்தது சொற்பம். அடுத்த ஆண்டிற் குடியுரிமைச் சட்டம் பிள்ளைகளின் பெற்றோரையே நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதிக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இடையறா வதிவை நிறுவும் பத்திரங்கள் வேண்டியிருந்தன. தன் பெயரை எழுத அறியாத ஒருவர் தான் பல ஆண்டு வாழ்ந்ததைத் தாளினால் நிறுவ வேண்டியிருந்தது. அந்நாட்களில் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தத்தம் லயத்தின் எழுத்தராய் விளங்கினர்.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமாரிடமே விடப்பட்டன. 1964 ஒக்தோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பெயரேட்டிலிருந்து பிள்ளைகளின் பெயர்கள் இடையில் வெட்டப்படலாயின. இராமேசுவரம் கப்பலேறப் போகும் குடும்பத்துப் பிள்ளைக்கு ‘ணை’ எழுதக் கற்பிப்பதில் யாருக்குத்தான் ஊக்கம் இருந்திருக்கும்?

1970களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து பள்ளிகளும் படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின்கீழ் வந்தன. ஆசிரியர் பற்றாக்குறையை நீக்க வடகிழக்கிலிருந்து பலர் அனுப்பப்பட்டனர். அவருட் பலர் பணியைத் தவமெனச் செய்தனர். சிலர் மாற்றம் கிடைக்கும் நாளை எண்ணியிருந்தனர். இவற்றினும் நுண்ணிய ஓர் இடர் மொழியில் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ‘கதையாதே’ என்றால் பேசாதே என்பது பொருள். ‘பேசாதே’ என்று கேட்டுப் பழகிய தோட்டத்துப் பிள்ளைக்கு அது புதிர். வீட்டிற் ‘கெணறு’, ஆசிரியர் வாயில் வேறோர் ஓசை, ஏட்டில் ‘கிணறு’ என மூன்று தமிழ்களுக்கிடையிற் பிள்ளை எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. பின்தங்கிய பிள்ளைக்கு மந்தபுத்தி என்று பெயரிட்டவர்கள் இதனைக் கருதினாரல்லர்.

சுவீடன் நாட்டின் உதவியோடு 1980களிலே தொடங்கிய பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் கட்டடங்களோடு நில்லாது, ஆசிரியர் பயிற்சியிலும் பன்முக வகுப்புக் கற்பித்தலிலும் கருத்தூன்றிற்று. கொட்டகலை பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டங்களிற் பிறந்த இளைஞரே ஆசிரியராய் வரத் தொடங்கினர். ‘பரிகாரக் கற்பித்தல்’ என்ற சொல் இக்காலத்திலேயே தோட்டப் பள்ளிகளில் வழக்குக்கு வந்தது. இதே நோக்கத்தோடு நியூசிலாந்திலே மேரி கிளே அம்மையார் 1970களில் வகுத்த முறையில், வாசிப்பில் இடர்ப்படும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாடோறும் அரைமணி நேரம் தனியாசிரியர் ஒருவர் அருகிருப்பார். பன்னிரண்டு முதல் இருபது வாரங்கள் வரை அது நடைபெறும். ஒரு பிள்ளைக்கு அரைமணி! ஊவாப் பள்ளியின் ஐந்து நிமிடத்தோடு இதனை ஒப்பிட்டால், வேறுபாடு பிள்ளைகளின் அறிவில் இல்லை, அருகிருக்கும் ஆளில் உள்ளது என்பது தெளிவாகும்.

2014 ஒக்தோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரிவிற் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். அவருட் சிலர்க்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. கொஸ்லந்தை, பூணாகலைத் தமிழ்ப் பாடசாலைகள் அகதிமுகாம்களாயின. மண்ணுக்கடியிற் போனவற்றுட் பிறப்புச் சான்றிதழ்களும் பாடக்கொப்பிகளும் இருந்தன. அவ்வாண்டை அடுத்துத் தோட்டப் பாடசாலைகளின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிடங்களுக்கு ஆசிரிய உதவியாளர் நியமிக்கப்பட்டனர். உயர்தரம் சித்தியெய்திய அவ்விளைஞர்க்குத் தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாவே படியாக வழங்கப்பட்டது. பின்னர் அது 10,000 ஆயிற்று. ஆசிரியர் சேவையில் இடம்பெறப் பயிற்சியை முடித்தல் வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கே பாதி போகும் இப்படியை அரசாங்கம் ஓர் ஆசிரியருக்கு நிர்ணயித்தது என்பதை வரலாறு மறவாதிருத்தல் நன்று.

பெருந்தொற்றினால் மூடப்பட்ட பள்ளிகள் மீண்டும் திறந்தபோது தமிழ்நாட்டிலே 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கி, ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் மாலைதோறும் தத்தம் தெருப்பிள்ளைகளை அமர்த்தி எழுத்துக் கூட்டுவித்தனர். அவருட் பெரும்பாலார் பெண்கள். தெருவிலோ லயத்து வாசலிலோ, பிள்ளையின் வீட்டுத் தமிழைத் தானும் பேசும் ஒருவர், தன்னினும் சிறிது இளையவரின் விரலைப் பிடித்து வரியின்மீது ஓட்டுகின்றார். ஹல்துமுல்லைத் தோட்டங்களில் மாலை மூடுபனி இறங்குமுன், கொழுந்து நிறுத்துத் திரும்பும் தாய்மார், உயர்தரம் முடித்த மூத்த மகளிடம் அயல்வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அமர்த்திவிட்டு அடுப்படிக்குச் செல்கின்றனர்.